மாட்டுக்கு டிபி, சரி. எந்த டிபி? உங்க அனுபவத்தையும் எழுதுங்க

மாட்டு டாக்டர்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுது. ஒரு பண்ணை, 22 மாடு. கழுத்துல ரெண்டு இடத்துல முடியை வழிச்சிட்டு மேல பறவை டியூபர்குலின், கீழ மாட்டு டியூபர்குலின் (பறவை டிபி, மாட்டு டிபி கிருமிகள்ல இருந்து எடுத்த டெஸ்ட் ஊசி மருந்து) போட்டுட்டு 72 மணி நேரம் கழிச்சு தடிப்பு அளக்கற காலிப்பரோட போய் நின்னேன். மூணு மாட்டுக்கு கீழ இருக்கற தடிப்பு மேல இருக்கறதை விட 4 மில்லிமீட்டருக்கு மேல கூட இருந்துச்சு, அதாவது பாசிட்டிவ். நான் அளந்து முடிக்கறதுக்குள்ள ஓனர் தீர்ப்பே எழுதிட்டார், எட்டு மாசம் முன்னாடி வாங்கின மாடுதான் கொண்டு வந்துச்சாம். வித்தவருக்கு என் முன்னாடியே போன் போட்டு இங்க எழுத முடியாத வார்த்தையெல்லாம் பேசினார்.

இதுல என்னன்னா அந்த மாடு அந்த மூணுலயே இல்ல. ஆனா நானும் அடிச்சு சொல்லல, ஏன்னா நோய் முத்திப்போன மாடு சில சமயம் டெஸ்டுல தடிக்கவே தடிக்காது, அதனால அதைத் தனியா கட்டச் சொல்லிட்டேன். மூணுல ஒண்ணைப் போஸ்ட்மார்ட்டம் பண்ணப்போ தொண்டைக்குப் பின்னாடி இருக்கற நிணநீர்க் கட்டியில சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு முடிச்சு. கத்தி வெச்சா நறநறங்குது, உள்ள மஞ்சளா, மணல் கலந்த மாதிரி. ஸ்லைடுல தேடித் தேடிப் பார்த்ததுல நாலஞ்சு சிவப்புக் குச்சி (சாயம் ஏறின கிருமி) தெரிஞ்சுது, சரி டிபிதான்னு லேபுக்கு அனுப்பிட்டேன்.

ரிப்போர்ட் வர ரெண்டரை மாசம். மாட்டு டிபி கிருமியான போவிஸ் இல்ல, டியூபர்குளோசிஸ்! மனுஷனுக்கு வர்ற டிபி! மூணு தடவை படிச்சேன், அப்புறம் லேபுக்கு போன் பண்ணி சாம்பிள் மாறிடுச்சான்னு கேட்டு திட்டு வாங்கினேன். அப்பதான் மண்டையில உறைச்சுது, அங்க பால் கறக்கறவர் நான் போறப்பெல்லாம் இருமிட்டே இருப்பார், பீடி இருமல்னு நெனச்சு நானும் விட்டுட்டேன். சளி டெஸ்ட் பாசிட்டிவ். மாட்டுல எடுத்ததும் அவர்கிட்ட எடுத்ததும் ஸ்பாலிகோடைப் (கிருமியோட டிஎன்ஏ அடையாளம்) ஒண்ணுதான், டிஎன்ஏ துண்டு எத்தனை தடவை திரும்ப வருதுன்னு 24 இடத்துல எண்ணற விஎன்டிஆர் நம்பரும் ஒண்ணு விடாம அதேதான். மாட்டுல இருந்து மனுஷனுக்கு வரும்னு பரீட்சைக்குப் படிச்சோம், எதிர்ப்பக்கமும் போகும்னு புத்தகத்துல ஒரு வரியோட நிறுத்தியிருப்பாங்க.

லேப் அக்கா

டாக்டர் சாருக்கு அன்னிக்கு திட்டு குடுத்தது நான் இல்ல 😄 ஆனா அந்த போன் எங்களுக்கும் வரும்.

என் கதை ஒரு அவமானக் கதை. சேர்ந்த புதுசுல மாட்டு சாம்பிள் எல்லாத்தையும் மனுஷ சளிக்குப் போடற மாதிரியே கிருமி வளர்க்கற சாதா எல்.ஜே. மீடியத்துல போட்டுட்டு இருந்தேன், எட்டு வாரம் பார்த்துட்டு நெகட்டிவ் நெகட்டிவ்னு எழுதி அனுப்பினேன். ஸ்லைடுல குச்சி நல்லாவே தெரியும், கல்ச்சர்ல மட்டும் ஒண்ணும் வளராது. சாம்பிளைக் கழுவற காரம் அதிகமாகி கிருமி செத்துடுதோன்னு அதையும் மாத்திப் பார்த்தேன். கடைசியில சீனியர் மேடம் பாட்டில் லேபிளைப் படிச்சிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "கிளிசரால்". போவிஸ்க்கு கிளிசரால் ஒத்துக்காதும்மா, பைருவேட் வேணும். பைருவேட் இருக்கற ஸ்டோன்பிரிங்க் மீடியத்துல மறுபடி போட்டதும் அஞ்சாவது வாரம் குட்டிக்குட்டியா, தட்டையா, ஈரமா வந்துச்சு பாருங்க, டியூபர்குளோசிஸ் மாதிரி சொரசொரன்னு காலிஃப்ளவரா பொங்கி வராது. அதுக்கு முன்னாடி நெகட்டிவ்னு போன ரிப்போர்ட்டை நம்பி எத்தனை பண்ணை நிம்மதியா இருந்துச்சோ, அதை நெனச்சா இன்னும் தூக்கம் வராது. இப்பல்லாம் ஒரு சாம்பிளுக்கு ரெண்டு மீடியமும் போட்டுடறது.

ரிட்டயர்டு ஆள்

நீங்கல்லாம் குடுத்து வெச்சவங்க தம்பி. நாங்க படிச்ச காலத்துல முயலுக்குப் போட்டுதான் பார்க்கறது. மாட்டுக் கிருமின்னா முயல் கொஞ்ச வாரத்துல போய்ச் சேர்ந்துடும், மனுஷக் கிருமின்னா பெரும்பாலும் தாங்கிக்கும். ரெண்டும் வேற வேறன்னு அமெரிக்க விஞ்ஞானி தியோபால்ட் ஸ்மித் 1898லயே எழுதிட்டார். அதைப் பிடிச்சுக்கிட்டு 1901ல லண்டன்ல ராபர்ட் கோக் மேடையேறி, மாட்டு டிபியால மனுஷனுக்குப் பெரிய ஆபத்து இல்லன்னு சொல்லிட்டார். கிருமியைக் கண்டுபிடிச்சவரே சொன்னா யார் எதிர்த்துப் பேசறது? அது சரியான்னு பார்க்க பிரிட்டிஷ்காரங்க ஒரு ராயல் கமிஷன் போட்டு 1911 வரைக்கும் வேலை பார்த்து தப்புன்னு சொன்னாங்க. வேறன்னு கண்டுபிடிச்சது சரி, வேறங்கறதால வராதுன்னு முடிவு கட்டினதுதான் கோளாறு.

பிஎச்டி பாவம்

டாக்டர் சார், சண்டைக்கு வரல, ஆனா ஒரு சந்தேகம். பேட்டர்ன் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே ஸ்ட்ரெயின்னுதான் அர்த்தம், யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு அதுல தெரியாதே?

என் அனுபவமும் சொல்லிடறேன். ஸ்பாலிகோடைப்பிங் ஃபிலிம்ல ஒரு சாம்பிளோட வரிசைக்கு 43 புள்ளிக்கு இடம், ஒவ்வொண்ணும் ஒரு டிஎன்ஏ துண்டு, போவிஸ்னா 3, 9, 16, அப்புறம் கடைசி அஞ்சு, அதாவது 39ல இருந்து 43 வரைக்கும், காலி. கண்ணு பழகிட்டா வரிசையோட வலது ஓரத்தைப் பார்த்தாலே போதும். ஒரு நாள் ஒரு மாட்டு சாம்பிள்ல அந்த ஓரத்துல மங்கலா அஞ்சு புள்ளி. புது ஸ்ட்ரெயின் கெடச்சிடுச்சுன்னு ஹாஸ்டல் முழுக்க சொல்லிட்டேன், பேப்பருக்கு டைட்டில் கூட யோசிச்சு வெச்சேன். கைடு நிதானமா பக்கத்து வரிசையைக் காட்டினார், அது கன்ட்ரோலுக்கு வெச்ச டியூபர்குளோசிஸ் டிஎன்ஏ, அதுல இருந்து ஒரு துளி தெறிச்சு விழுந்திருக்கு. ரெண்டு டிஎன்ஏ கலந்தா ஒண்ணோட காலி இடத்தை இன்னொண்ணு நிரப்பிடும், அவ்ளோதான் என் புது ஸ்ட்ரெயின்.

அந்தப் பயத்துல அடுத்த தடவை நிஜமாவே வித்தியாசமா வந்ததை நானே தூக்கிப் போடப் பார்த்தேன். டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கற பிசிஆர்ல ஆர்டி9ங்கற டிஎன்ஏ பகுதி இல்ல, ஆர்டி4ங்கற பகுதி இருக்கு. டியூபர்குளோசிஸ்னா ரெண்டும் இருக்கணும், போவிஸ்னா ரெண்டும் இருக்கக்கூடாது, இது ரெண்டுலயும் சேரல. மூணு தடவை ரிப்பீட் பண்ணியும் மாறாம வரவே டிஎன்ஏவை எழுத்தெழுத்தா படிக்கற சீக்வென்சிங்குக்குப் போச்சு, ஒரிஜிஸ்ங்கற இன்னொரு டிபி கிருமி! முதல்ல ஆரிக்ஸ் மான்ல பார்த்ததால அந்தப் பேர், 2012லதான் தனியா பேர் வெச்சாங்க, தெற்காசியாவுல மாட்டுலயும் மனுஷங்கள்லயும் கெடைக்குது. ஆர்டி4 பார்க்காம வெறும் ஆர்டி9ஐ வெச்சு "போவிஸ்"னு எழுதின பழைய ரிப்போர்ட்டுகள்ல எத்தனை இதுவோ.

பால்காரர் பொண்ணு

நான் டாக்டரும் இல்ல லேபும் இல்ல, கழுத்துல கட்டி வந்த பேஷண்ட். கட்டியில இருந்து ஊசி போட்டு எடுத்து மெஷின்ல வெச்சாங்க, டிபி இருக்கு, ரிஃபாம்பிசின்ங்கற டிபி மருந்து வேலை செய்யும்னு வந்துச்சு, வழக்கமான நாலு மருந்து ஆரம்பிச்சாங்க. அந்த மெஷின் எந்த டிபின்னு பிரிச்சு சொல்லாதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு கல்ச்சர் ரிப்போர்ட்ல அந்த நாலுல ஒண்ணான பைரசினமைடுக்கு மட்டும் ரெசிஸ்டன்ட், அதாவது அது வேலை செய்யாது. ஒரு சின்ன டாக்டரம்மாதான் அதைப் பார்த்துட்டு "வீட்ல மாடு இருக்கா, பச்சைப் பால் குடிப்பியா"ன்னு கேட்டாங்க. சின்ன வயசுல இருந்து கறந்த சூட்டோட குடிப்பேன், அதுல எங்கப்பாவுக்கு ஒரு பெருமை வேற. போவிஸ் பிறவியிலேயே அந்த மாத்திரைக்கு மசியாதாம். அதை நிறுத்திட்டு மொத்தம் ஒன்பது மாசமா நீட்டினாங்க, கட்டி கரைஞ்சுது. எங்கப்பா இப்பவும் பால் பாத்திரத்தை அடுப்புல வெச்சிட்டு மூணு பொங்கு பொங்கினாத்தான் நகருவார், நான் அடுப்பை அணைச்சா மறுபடி பத்த வைப்பார்.

மாட்டு டாக்டர்

தங்கச்சி, அப்பாவைத் தடுக்காதீங்க 😄

பிஎச்டி தம்பி, நீங்க கேட்டது நியாயம். பேட்டர்னை மட்டும் வெச்சு நான் சொல்லல. டியூபர்குளோசிஸ் மாட்டுக்குள்ள போனாலும் மாட்டுக்கு மாடு பெருசா பரவறதில்ல, அதோட சொந்த வீடு மனுஷன்தான். அதுவும் போக ஒரு வருஷம் முன்னாடி நான் டெஸ்ட் பண்ணப்போ மொத்த மந்தையும் நெகட்டிவ், அவர் இருமல் அப்பவே இருந்துச்சு. கோர்ட்டுல நிக்குமான்னு கேட்டா தெரியல. முழு ஜீனோம் (கிருமியோட மொத்த டிஎன்ஏ) படிச்சிருந்தாலும் வருஷத்துக்கு ஒரு எழுத்து கூட மாறாத கிருமி இது, ஒரு வருஷக் கதைக்கு யார் முதல்லன்னு அதுவும் சொல்லியிருக்காது.

அவர் மருந்து முடிச்சிட்டு திரும்ப வந்து கறக்கறார். ஓனர் வித்தவர்கிட்ட நேர்ல போய் மன்னிப்பு கேட்டார், என்னையும் துணைக்கு இழுத்துட்டுப் போனார். பாசிட்டிவ் காட்டின மூணுல இன்னொண்ணோட சாம்பிள் லேப்ல இருக்கு, இது ஆறாவது வாரம், ரெண்டு மீடியமும் இன்னும் ஒண்ணும் வளராம மொழுமொழுன்னுதான் இருக்காம்.