அப்பல்லோ 13 முதல் செவ்வாய் வரை: கரியமில வாயுவை அகற்ற எந்த முறை தாங்கும்?

பரிதி82:
நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்பல்லோ 13-இல், மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு அடைத்த சதுரக் குப்பியை, வட்டக் குப்பிக்கான அமைப்போடு பை, அட்டை, டேப் வைத்து ஒட்டவைத்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதற்கு அடுத்த சந்தேகம். லித்தியம் ஹைட்ராக்சைடு ஒழுங்காகத்தானே வேலை செய்தது? அப்புறம் ஏன் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அதை ஓரங்கட்டிவிட்டு, அடிக்கடி மக்கர் பண்ணுகிற ஜியோலைட் (வாயுவைப் பிடித்துவைக்கும் நுண்துளைக் கனிமம்) இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்? நாலு பேர் செவ்வாய்க்குப் போய்வர 1000 நாள் என்று வைத்துக்கொண்டால் எது சரிப்படும்? கணக்கோடு சொல்லுங்கள். கூடவே ஒன்று: அந்த அட்டை எதற்கு? பையும் டேப்பும் போதாதா?

சுழல்வீதி:
அட்டையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. கட்டளைக் கலத்தின் (மூவரும் பயணம் செய்த முதன்மைக் கலம்) சதுரக் குப்பி வழியாகக் காற்றை இழுத்தது சந்திரக் கலத்தின் (நிலவில் இறங்குவதற்கான கலம்) விண்ணுடை விசிறி. குப்பியின் மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, உடையின் குழாயை அதற்குள் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டினார்கள். விசிறி உறிஞ்சும்போது பை உள்வாங்கிக் குப்பியின் முகத்தில் ஒட்டிக்கொண்டால் காற்றோட்டம் நின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் குறிப்பேட்டு அட்டையை வில் போல் வளைத்துப் பைக்கு அடியில் வைத்தார்கள். குப்பியின் அடிப்பக்கத்து நடுத்துளையைத் துணியால் அடைத்ததும் இதே மாதிரி காரணத்துக்காக: திறந்திருந்தால் காற்று ரசாயனத்தைத் தொடாமல் குறுக்குவழியில் போய்விடும்.

வடிவம் ஏன் வேறுபட்டது என்றும் பலர் கேட்பதுண்டு. கட்டளைக் கலம் நார்த் அமெரிக்கன் கட்டியது, சந்திரக் கலம் க்ரம்மன் கட்டியது. உயிர்காப்பு அமைப்புகளின் துணை ஒப்பந்தக்காரர்களும் வேறு வேறு. சந்திரக் கலம் இருவருக்கு இரண்டு நாள் என்ற கணக்கில் செய்யப்பட்டது. மூவர் ஏறக்குறைய நான்கு நாள் அதில் ஒண்டவேண்டி வரும் என்று யாரும் குப்பி எண்ணிவைக்கவில்லை. கட்டளைக் கலத்தில் குப்பிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மின்கலத்தைச் சேமிக்க அந்தக் கலத்தையே அணைத்துவிட்டதால் அதன் விசிறிகளைப் பயன்படுத்த வழியில்லை.

மோல்கணக்கு:
எடைக் கணக்கு இதோ. ஒருவர் ஒரு நாளில் சுமார் 1 கிலோ கரியமில வாயு விடுவார். 44 கிராம் வாயுவைப் பிடிக்க 48 கிராம் லித்தியம் ஹைட்ராக்சைடு செலவாகும். ஆக, ஆளுக்கு நாளொன்றுக்கு 1.09 கிலோ.

ககன்யான் அளவுள்ள பயணத்துக்கு, அதாவது மூவர் மூன்று நாள், ஏறக்குறைய 10 கிலோ. பிரச்சினையே இல்லை. உங்கள் நால்வர், 1000 நாளுக்கு 4.4 டன்! இது வெறும் வேதியியல் அளவு. நடைமுறையில் குப்பி முழுதும் தீர்வதில்லை. உள்ளே இன்னும் தூள் மிச்சமிருக்கும்போதே மறுமுனையில் வாயு கசியத் தொடங்கும், அப்போதே மாற்றியாகவேண்டும். உறை எடையும் சேரும். கடைசியில் கிடைப்பது லித்தியம் கார்பனேட். அதைக் கலத்துக்குள் பழையபடி மாற்ற முடியாது. இந்த வினை வெப்பத்தையும் நீரையும் வெளியிடுகிறது. அந்த ஈரத்தைப் பிடிப்பது குளிர்விப்பானின் தலையில் விழும். தூள் பறந்தால் மூக்கும் தொண்டையும் எரியும்.

சோவியத் கலங்களில் பொட்டாசியம் சூப்பர் ஆக்ஸைடு இருந்தது. கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு ஆக்ஸிஜனைத் தரும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் மனிதர் மூச்சில் உள்ளே இழுத்து வெளியே விடும் விகிதத்தைவிடக் கூடுதலாக ஆக்ஸிஜன் வெளிவரும், அதனால் அங்கேயும் பக்கத்தில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு வேண்டியிருந்தது.

சல்லடை:
நிலையத்தில் உள்ள ஜியோலைட் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் அது செய்கிற வேலையைப் பாருங்கள். நான்கு படுகைகள், அதாவது உறிஞ்சும் மணிகள் நிரப்பிய பெட்டிகள். முதலில் காற்று உலர்த்தும் படுகை வழியாகப் போகும். ஜியோலைட்டுக்குக் கரியமில வாயுவைவிட நீராவிமேல்தான் ஆசை அதிகம். ஈரக்காற்று போனால் இடமெல்லாம் தண்ணீருக்கே போய்விடும். உலர்ந்த காற்று அடுத்த படுகையில் வாயுவை விட்டுவிட்டு, இரண்டாவது உலர்த்தும் படுகையின் ஈரத்தை அள்ளிக்கொண்டு அறைக்குத் திரும்பும். இதனால் தண்ணீர் வீணாவதில்லை. அதே நேரத்தில் இன்னொரு ஜியோலைட் படுகையைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவார்கள். அதில் மிஞ்சிய காற்றை முதலில் பம்ப் இழுத்து அறைக்குத் தரும், பிறகுதான் வால்வு வெற்றிடத்துக்குத் திறக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை படுகைகள் வேலையை மாற்றிக்கொள்ளும்.

மக்கர் எங்கே? சூடேறி ஆறி, சூடேறி ஆறி மணிகள் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகின்றன. பொடி வால்வு இருக்கையில் புகுந்தால் வால்வு முழுசாக மூடாது. வடிகட்டியில் அடைந்தால் காற்றோட்டம் குறையும். 2021-இல் மேலே போன புதிய நான்கு படுகை அமைப்பு, படுகைகளை உருளை வடிவில் வைத்து, 13எக்ஸ் வகை ஜியோலைட்டைப் பயன்படுத்துகிறது. என் பார்வையில் செவ்வாய்ப் பயணத்துக்கு இந்த வால்வு ஆயுள்தான் முதல் கேள்வி. வாயுவைப் பிடிக்கும் திறன் அதற்கு அப்புறம்தான்.

பரிதி82:
அருமை. பிடித்த வாயுவை வெளியே கொட்டினால் ஆக்ஸிஜனும் போகிறதே?

மோல்கணக்கு:
போகிறது. அதற்குத்தான் சபாட்டியே வினை: கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்து மீத்தேனும் தண்ணீரும் தரும். நிலையத்தில் 2010-இல் பொருத்தினார்கள். 2017-இல் பழுதாகிப் பூமிக்குத் திரும்பியது. 2018-இல் ஐரோப்பிய அமைப்பு ஒன்று போனது, மூவருக்கான கொள்ளளவு. இடிக்கிற இடம் ஹைட்ரஜன். ஒருவருக்கு ஒரு நாளைக்கான 0.84 கிலோ ஆக்ஸிஜனுக்காகத் தண்ணீரைப் பிரித்தால் 105 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும். அது 1 கிலோ வாயுவில் சுமார் 580 கிராமுக்குத்தான் போதும், மீதியைக் கொட்டவேண்டியதுதான். மீத்தேனோடு பாதி ஹைட்ரஜனும் வெளியே போகிறது. இன்னொரு வழியான பாஷ் வினையில் கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்து கரியும் தண்ணீரும் தரும், ஆக்ஸிஜன் முழுதும் மீளும். ஆனால் நால்வருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குமேல் கரி வினையூக்கிமேல் படியும். அதைச் சுரண்டி எடுக்க எளிய வழி இதுவரை இல்லை.

சுழல்வீதி:
ஒன்று சேர்க்கவேண்டும். 1000 நாளையும் ஒரே மாதிரி எண்ணாதீர்கள். பயணத்தில் வெளியே வெற்றிடம், அதனால் நாசாவின் ஒராயன் கலத்துக்கான அமீன் (கரியமில வாயுவைப் பிடிக்கும் கரிமச் சேர்மம்) படுகை மாதிரி, சூடாக்காமல் வெற்றிடத்துக்குத் திறந்தே சுத்தம் செய்யலாம். செவ்வாய்த் தரையில் அது நடக்காது. அங்கே அழுத்தம் சுமார் 6 மில்லிபார், கிட்டத்தட்ட எல்லாமே கரியமில வாயு. அதாவது 4 மி.மீ. பாதரசத்துக்கு மேல். அறைக்குள் நாம் வைக்க விரும்பும் அளவே 3 மி.மீ. சுற்றுதான். வால்வைத் திறந்தால் படுகை காலியாவதற்குப் பதில் நிரம்பும். சூடாக்கலோ வெற்றிட பம்போ கட்டாயம். விண்ணுடைக்குள் இருக்கும் சிறு படுகைக்கும் இதே கதிதான், அங்கே பம்ப் வைக்க இடமும் மின்சாரமும் இல்லை. உடைக்கு என்ன செய்யலாம் என்று யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது.