ராயபுரம் வீடு: திதிக்கு முந்தின நாள்

திவ்யா, இரவு 8:41
லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. கார்த்தி, இருக்கிறாயா? நாளைக் காலை 9-க்குத் தாத்தா திதி. குமார் சித்தப்பாவை லேப்டாப் வழியாக டிவியில் காட்டுகிறேன் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டேன்.

சேகர் சித்தப்பா
போனிலேயே போடக் கூடாதா?

திவ்யா
ஆயாவுக்கு அந்தச் சின்னத் திரையில் முகம் தெரிவதில்லை சித்தப்பா. போன மாதம் குமார் சித்தப்பாவைப் பார்த்து "யார் இது, சீட்டுக்காரரா" என்று கேட்டது.

மாலா அத்தை
😂😂

குமார் சித்தப்பா (குவைத்)
சீட்டுக்காரனா. சரி.

சேகர் சித்தப்பா
நேரில் வந்தால் முகம் தெரியும்.

குமார் சித்தப்பா (குவைத்)
லீவு கொடுத்தால் வர மாட்டேனா அண்ணா

சேகர் சித்தப்பா
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலா அத்தை
படித்துவிட்டேன் சேகர். நைனா திதி அன்றைக்காவது சும்மா இருங்கள் இரண்டு பேரும்.

கார்த்திக், 8:58
ஷிப்டில் இருக்கிறேன். என்ன அடாப்டர்?

திவ்யா
ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினது. குட்டி யூஎஸ்பி. எல்லாவற்றிலும் ஓடும் என்றார் கடைக்காரர். கூட ஒரு சிடி.

சேகர் சித்தப்பா
சிடியைப் போடு. சரியாகிவிடும்.

திவ்யா
இந்த லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது சித்தப்பா

கார்த்திக்
சிடியைத் தூக்கிப் போடு. அதில் இருப்பது விண்டோஸ் டிரைவர், அடாப்டரை ஓட்டுகிற புரோகிராம். உன் மிஷினில் இப்போது லினக்ஸ் மின்ட் 22. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் அப்டேட் நின்றுவிட்டது, 11 அதில் ஏறாது, அதனால்தான் மாற்றினேன். லினக்ஸில் டிரைவர் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே இருக்கும், தனியாகத் தேடுவது கடைசி வழி. பெட்டி மேல் என்ன பெயர் என்பதை விடு, உள்ளே எந்த சிப் என்பதுதான் கணக்கு. ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப் வைத்து விற்கிறார்கள். டெர்மினலைத் திற, எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று சின்ன எழுத்தில் அடி, யூஎஸ்பியில் செருகியிருப்பதெல்லாம் நம்பரோடு வரும், வருவதைப் போட்டோ எடுத்துப் போடு.

மாலா அத்தை
சாப்பிட்டாயா கார்த்தி

கார்த்திக்
அம்மா, இது பொதுக் குரூப்

மாலா அத்தை
தனியாகக் கேட்டால் பதிலே வராதே

சேகர் சித்தப்பா
படையலுக்கு மீன் நான் வாங்கவா? 5 மணிக்குக் காசிமேடு போகிறேன்.

மாலா அத்தை
வஞ்சிரம். நைனாவுக்கு அதுதான்.

சேகர் சித்தப்பா
தடைக்காலம் அக்கா. ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. ஃபைபர் படகில் வருவதுதான். வஞ்சிரம் விலையைக் கேட்டால் நைனாவே எழுந்து வந்து திட்டுவார்.

குமார் சித்தப்பா (குவைத்)
பணம் நான் அனுப்புகிறேன்

சேகர் சித்தப்பா
பணம் யார் கேட்டது

திவ்யா, 9:14
📷 போட்டோ

கார்த்திக்
0பிடிஏ:1ஏ2பி. நினைத்தேன். முதல் பாதி ரியல்டெக் கம்பெனி. இரண்டாம் பாதிக்கு அர்த்தம், அது இன்னும் வைஃபையாகவே ஆகவில்லை, சிடி டிரைவ் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் செருகியதும் டிரைவர் கைக்குக் கிடைக்கட்டும் என்று அடாப்டருக்குள்ளேயே ஒரு சிடியை அடக்கி வைத்திருக்கிறார்கள். டிரைவர் ஏறியதும் தானே வைஃபையாக மாறிவிடும். லினக்ஸில் சில சமயம் நாம்தான் மாற்ற வேண்டும். டெஸ்க்டாப்பில் சிடி ஐகான் இருக்கும் பார். ரைட் கிளிக், எஜெக்ட். கையால் பிடுங்காதே.

சேகர் சித்தப்பா
ஆக, நான் சொன்ன சிடிதான்.

கார்த்திக்
இல்லை மாமா

கார்த்திக்
சரி, ஒரு வகையில்

திவ்யா
எஜெக்ட் கொடுத்தேன். ஐகான் போய்விட்டது. நீல லைட் மினுக்குகிறது!! இப்போது 0பிடிஏ:சி811 என்று வருகிறது.

கார்த்திக்
வேலை முடிந்தது. இந்த சிப்புக்குக் கெர்னல் 6.2-இலிருந்தே டிரைவர் உள்ளே உண்டு, உன்னுடையதில் 6.8. யூடியூப் பார்த்து கிட்ஹப்பிலிருந்து எதையாவது இழுத்துப் போட்டுவிடாதே, அடுத்த கெர்னல் அப்டேட்டில் படுத்துக்கொள்ளும். காலையில் ஆன் செய்யும்போது மறுபடி சிடியாகவே நிற்கலாம், மறுபடி எஜெக்ட். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்று இதைத் தானே மாற்றிவிடும் புரோகிராம் இருக்கிறது, அதில் ஒரு வரி எழுதினால் இந்தத் தொல்லையே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்து செய்கிறேன்.

மாலா அத்தை
ஞாயிறு வருகிறாயா??

கார்த்திக்
பார்க்கலாம்

திவ்யா, 9:31
நம் வைஃபை பெயர் தெரிகிறது. பாஸ்வேர்ட் தப்பு என்கிறது.

சேகர் சித்தப்பா
நைனாவின் பின்னி மில் டோக்கன் நம்பர்தானே

திவ்யா
அதைத்தான் போட்டேன்

மாலா அத்தை
பெரியண்ணன் மாற்றிவிட்டார். மாடியில் குடியிருக்கிறவர்கள் நம் நெட்டில் படம் பார்க்கிறார்களாம்.

சேகர் சித்தப்பா
வாடகையும் அவரிடம், பாஸ்வேர்டும் அவரிடம்.

மாலா அத்தை
சேகர்.

குமார் சித்தப்பா (குவைத்)
அண்ணாவை எழுப்பு திவ்யா. 9 மணி என்றால் எனக்கு 6:30. அரை மணிதான் இருக்க முடியும், அப்புறம் டியூட்டி.

திவ்யா
பெரியப்பாவை எழுப்பவா? நானா?

கார்த்திக்
உன் போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போடு, போன் நெட் லேப்டாப்புக்கு வரும். மின்ட் உடனே பிடித்துக்கொள்ளும். அடாப்டரே வேண்டாம்.

திவ்யா
இதை 8:58-க்கே சொல்லியிருக்கலாம் கார்த்தி

கார்த்திக்
உன் டேட்டா தீர்ந்தால் என்னைத் திட்டுவாய்

சேகர் சித்தப்பா
மீன் என்ன ஆயிற்று

சேகர் சித்தப்பா, காலை 5:26
காசிமேட்டில் இருக்கிறேன். சங்கரா நன்றாக இருக்கிறது. வஞ்சிரம் சின்னது, அதுவும் ஐஸ் மீன் மாதிரி இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

மாலா அத்தை
செவுளைத் தூக்கிப் பார்த்தாயா

சேகர் சித்தப்பா
எனக்கே மீன் பார்க்கச் சொல்லித்தருகிறாயா அக்கா

பாஸ்கர் பெரியப்பா, 5:40
🌹🙏 இனிய காலை வணக்கம்

திவ்யா
பெரியப்பா, வைஃபை பாஸ்வேர்ட் வேண்டும்

பாஸ்கர் பெரியப்பா
யாருக்கு?