‘உம்பர்’ என்னும் அடைமொழி: விண்ணில் தோன்றியதா, விண்ணோர்க்கு உரியதா?

கேள்வி (சுசீந்திரம்):
மார்கழித் தேரோட்டத்தை ஒட்டி எங்கள் பள்ளி மாணவர் கொண்டுவரும் கையெழுத்து இதழுக்காகப் பழையாற்றைப் பற்றி ஒரு வெண்பா எழுதி வருகிறேன். இந்திரனின் யானையாகிய ஐராவதம் தன் கோட்டால் (தந்தத்தால்) நிலத்தைக் கீறி இவ்வாற்றை உண்டாக்கியது என்னும் தலபுராணச் செய்தியை மனத்தில் கொண்டு, விண்ணிலிருந்து வந்தது என்ற பொருளில் ‘உம்பர் ஆறு’ என்று அமைத்தேன். உடன் பணிபுரியும் தமிழாசிரியரோ, உம்பர் என்றால் தேவர் என்பதே பொருள், பிறப்பிடத்தைக் குறிக்க அது வராது என்கிறார். அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (நாகர்கோவில்):
அம்மா, தேவர் என்பது அச்சொல்லின் பிற்காலப் பொருளே. முதலில் அது இடத்தையே குறித்தது. அ, இ, உ என்னும் சுட்டுகளுள் உகரத்தின் வழிப் பிறந்த சொல் அது. குறுந்தொகையின் 11ஆம் பாட்டில் மாமூலனார் ‘கட்டி நன்னாட்டு உம்பர்’ என்னும்போது, கட்டி என்னும் தலைவனின் நாட்டுக்கு அப்பால் என்றே பொருள். அங்கே வானும் இல்லை, வானவரும் இல்லை. அப்பால் என்பது மேலிடமாகி, மேலிடம் விண்ணுலகாகி, இறுதியில் விண்ணுலகில் வாழ்வோர்க்கே பெயராயிற்று. மாணிக்கவாசகர் ‘உம்பர்கட் கரசே’ என்று பன்மை விகுதி சேர்த்துப் பாடும் காலத்தில் அந்த மாற்றம் முழுமை பெற்றுவிட்டது. இவ்வுலகைக் குறிக்கும் ‘இம்பர்’ இதன் இணைச்சொல். இன்று அதை எழுதுவோர் அரிதாகிவிட்டது எனக்கு வருத்தமே.

உங்கள் ஐயத்துக்கு நெருங்கிய சான்று திருப்புகழில் உள்ளது. ‘உம்பர்தருத் தேனுமணி’ என்று அருணகிரிநாதர் தொடங்குவது கற்பகத்தரு, காமதேனு, சிந்தாமணி ஆகிய மூன்றையும் சுட்டும். அங்கே உம்பர்தரு என்பதை விண்ணுலகத்து மரம் என்றும் கொள்ளலாம், தேவர்க்கு உரிய மரம் என்றும் கொள்ளலாம். ஆனால் விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கி வந்தது என்ற பொருளை அச்சொல் தானாகத் தராது. அதற்கு ‘இழிந்த’, ‘தந்த’ போன்ற வினை ஒன்று உடன் வர வேண்டும். ஆகவே ‘உம்பர் ஆறு’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் ஆகாய கங்கையை நினைப்பாரே அன்றிப் பழையாற்றை நினைக்க மாட்டார்.

மறுமொழி 2 (மார்த்தாண்டம்):
மலையாளக் கவிதையிலும் ‘உம்பர்’ தேவரைக் குறித்தே வருகிறது. இந்திரனை ‘உம்பர்கோன்’ என்பர். இரு மொழியும் வழங்கும் நம் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் அச்சொல்லை எளிதில் புரிந்துகொள்வார்கள் என்பதால், அதை விட்டுவிடாமல் வேறு இடத்தில் பொருத்துங்கள் என்பது என் வேண்டுகோள்.

மறுமொழி 3 (தக்கலை):
பொருளோடு தளையும், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறையும், இடிக்கிறது. உம்பர் என்பது தேமாச் சீர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையசை (மெய் நீங்கலாக ஈரெழுத்து அசை) வர வேண்டிய இடத்தில் ‘ஆறு’ நேரசையில் (ஓரெழுத்து அசையில்) தொடங்குகிறது. ‘உம்பராறு’ என்று புணர்த்து எழுதினால் கூவிளங்காய் ஆகித் தளை சரியாகும், ஆனால் மேலே சொன்ன பொருட்குழப்பம் அப்படியே இருக்கும். அடைமொழியை ஆற்றுக்குத் தராமல் யானைக்குத் தந்து பாருங்கள்:

உம்பர் களிறு கிளைத்த பழையாறு

‘கிளைத்த’ என்பது இங்கே கிளறிய என்னும் பொருளது. தேமா, புளிமா, புளிமா, புளிமாங்காய் என்று தளை தட்டாமல் ஓடுகிறது. களிறு விண்ணுலகத்தது, ஆறு நம் மண்ணது என்பதும் தெளிவாகிறது. காய்ச்சீரில் முடிவதால் அடுத்த அடியை நேரசையில் தொடங்குங்கள். ‘அம்பொன்’ என எடுத்தால் எதுகையும் அமையும்.