கோர்ன்யே நெடெலிட்ஸே: சுரங்கம் வந்திருந்தால் ஊர் பிழைத்திருக்குமா?

செந்தில்:
மேற்கு செர்பியாவில் லோஸ்னிட்சா நகரை ஒட்டிய யாடர் பள்ளத்தாக்கில் உள்ள சின்ன ஊர் இது. 2004-ல் ரியோ டிண்டோ என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனம் அங்கே துளையிட்டபோது, அதுவரை யாரும் கண்டிராத கனிமம் ஒன்று கிடைத்தது. லித்தியமும் போரானும் கலந்த அதற்கு யாடரைட் என்று பெயர். ஆண்டுக்கு 58,000 டன் லித்தியம் கார்பனேட் எடுக்கத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு ஓயவில்லை. 2025 நவம்பரில் நிறுவனமே திட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டது. எனக்கு வருத்தம்தான். 2011-ல் சுமார் 71.9 லட்சம் பேர் இருந்த நாட்டில் 2022-ல் 66.5 லட்சம்தான். வேலை இல்லாத ஊரில் எந்தப் பிள்ளை தங்கும்?

கயல்விழி:
யாடர் கரை ராஸ்பெர்ரியும் மக்காச்சோளமும் விளையும் மண், செந்தில். நிறுவனம் வாங்கிய வீடுகளின் படங்களைப் பாருங்கள்: ஓடு, கதவு, சன்னல் எல்லாம் கழற்றி, வெறும் சுவர் நிற்கிறது. விற்க மறுத்தவர்கள் அதன் நடுவில்தான் குடியிருக்கிறார்கள். 2014 மே வெள்ளத்தில் ஸ்டோலிட்ஸேயில் ஆண்டிமனி என்ற தனிமம் எடுத்த பழைய சுரங்கத்தின் கழிவுத் தேக்கம் உடைந்து, கொரெனிட்டா ஆறு வழியாக யாடர் வயல்கள் வரை படிந்தது. லித்தியம் சுரங்கத்தின் கழிவைக் கொட்டக் குறித்த ஸ்டாவிட்ஸே பள்ளத்தாக்கும் அதே கொரெனிட்டா படுகைதான்!

செந்தில்:
அது கைவிடப்பட்ட பழைய சுரங்கம். இங்கே கழிவைப் பிழிந்து, உலர்த்தி அடுக்குவதாகத்தான் திட்டம். அப்புறம், நிலத்தை விற்றவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். அவர்கள் முடிவையும் மதிக்க வேண்டும்.

மாறன்:
அந்த மண்ணுக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்துப் பேசுங்கள். 1914 ஆகஸ்டில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையை செர்பியர்கள் விரட்டியது பக்கத்து ட்ஸெர் மலையில். முதல் உலகப் போரில் நேச நாடுகளின் முதல் வெற்றி அது. 1941 அக்டோபரில் அதே பள்ளத்தாக்கின் ட்ராகினாட்ஸில் ஜெர்மானியப் படை ஊர்மக்களைக் கூட்டமாகச் சுட்டுக் கொன்றது. அப்படிக் காப்பாற்றிய நிலத்தை விலை பேசினால் கோபம் வராமல் இருக்குமா?

என் கோபம் அரசு மீதுதான். 2022 ஜனவரியில் திட்டத்தை ரத்து செய்தார்கள். 2024 ஜூலையில் அந்த ரத்து செல்லாது என்றது அரசியலமைப்பு நீதிமன்றம். அடுத்த சில நாளிலேயே லித்தியம் போன்ற மூலப்பொருள்கள் குறித்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம். ஆகஸ்டில் சுரங்கத்தை எதிர்த்துத் தலைநகர் பெல்கிரேடில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். இத்தனை இழுபறியில் யார் நம்பி ராஸ்பெர்ரி நடுவார்கள்?

செந்தில்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுரங்கம் வேண்டாம் என்றால் வேறு வேலைக்கு வழி?

கயல்விழி:
முதலில் வாங்கிய நிலத்தை என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லட்டும். விற்பதானால் அந்த ஊர்க்காரர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும்.