பனி உடைக்கிற கோஸ்ட் கார்டு கப்பல், வெயில் காலத்தில் என்ன செய்யும்?

பிளஃப் மீன்காரன்:
தங்கச்சி பையன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். கனடாவின் மேற்குக் கரையில் பார்த்ததாக ஒரு சிவப்புக் கப்பலின் படம் அனுப்பியிருக்கிறான். பெயர் சர் வில்ஃபிரட் லோரியே, அந்த நாட்டுக் கோஸ்ட் கார்டின் (கரையோரக் காவல்) லைட் ஐஸ்பிரேக்கராம், அதாவது பனி உடைக்கிற சின்னக் கப்பலாம், நீளம் 83 மீட்டர்தான். டர்பனில் நமக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டியில் போடுவது, அதனால்தான் கேட்கிறேன். இத்தனூண்டு கப்பல் நிஜமாகவே பனியை உடைக்குமா? பனி இல்லாத மாதத்தில் சும்மா கட்டிப் போட்டிருப்பார்களா?

கேப்டவுன் செல்வி:
சும்மாவா, நல்லா கேட்டீங்க அண்ணா! அது நிற்கிற விக்டோரியா துறைமுகத்தில் கடல் உறைவதே இல்லை. அங்கே அதற்குக் கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவை போடுவது, பழையதைக் கிரேனில் தூக்கிச் சரிபார்ப்பது, கலங்கரை விளக்கங்களுக்குச் சாமான் கொண்டுபோவது, ஆபத்து என்றால் தேடி மீட்பது என்று வேலை ஓயாது. வெயில் காலம் வந்தால்தான் பேரிங் நீரிணை வழியாக ஆர்க்டிக் போகும், பனிக்கு அங்கேதான் வேலை.

உடைப்பதைக் கேட்டீர்களே, அது பனியை வெட்டிக்கொண்டு போவதில்லை. முன்பக்கம் சரிவாக இருக்கும், அந்தச் சரிவில் பனிமேல் ஏறி, தன் கனத்தாலேயே அமுக்கி நொறுக்கும். என்ஜின் நேராக புரொப்பெல்லரைச் சுற்றாது, கரண்ட் எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும், அதனால் மெதுவாகப் போகும்போதும் முழு பலம் கிடைக்கும், பனிக்கட்டி வந்து இடித்தாலும் என்ஜின் திணறி நிற்காது. அந்த வருஷம் உறைந்த பனிவரைக்கும் இந்த அளவுக் கப்பல் சமாளிக்கும். பல வருஷம் கிடந்த பனியில் உப்பெல்லாம் வடிந்து கல்லாகிவிடும், அதற்கு லூயி எஸ். செயின்ட் லாரன்ட் மாதிரி பெரிய கப்பல்தான் வேண்டும்.

பழைய டெக்காள்:
மிதவை தூக்குவதற்கு இவ்வளவு பெருமையா? நம்ம தென்னாப்பிரிக்கக் கப்பல் எஸ்.ஏ. அகுல்லாஸ் 2 பின்லாந்தில் கட்டி 2012ல் வந்தது, 134 மீட்டர், ஒரு மீட்டர் பனியை ஐந்து நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தில் உடைத்துக்கொண்டே போகும். அண்டார்க்டிகா போன ஷாக்கில்டனின் கப்பல் எண்டூரன்ஸ் 1915ல் மூழ்கியதே, அதை 2022 மார்ச்சில் அங்கே வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது இதில் போன குழுதான். அதைப் பற்றிப் பேசுங்களேன்.

கேப்டவுன் செல்வி:
பேசலாம் மாமா, ஆனால் அந்த மிதவைக் கப்பலும் லேசுப்பட்டதில்லை. 1845ல் ஆர்க்டிக் போய்த் திரும்பாத ஃபிராங்க்ளினின் கப்பல் எரெபஸ் 2014 செப்டம்பரில் கிடைத்தது, அந்தத் தேடலில் லோரியே இருந்தது. அதன் ஹெலிகாப்டரில் ஆராய்ச்சியாளர்களை ஒரு தீவில் இறக்கியபோது, பைலட் கண்ணில் பழைய கப்பலின் இரும்புத் துண்டு ஒன்று பட்டது. அதற்குப் பக்கத்துக் கடலில் சோனார் (ஒலியால் கடலடியைப் பார்க்கும் கருவி) போட்டுப் பார்த்தார்கள், கப்பல் கிடைத்துவிட்டது. நம்ம கப்பல் ஆராய்ச்சிக்கும் தளங்களுக்குச் சாமான் ஏற்றவும் கட்டினது, அது கரையோரக் காவலுக்கு. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் எப்படி?

பிளஃப் மீன்காரன்:
சரி சரி, சண்டை வேண்டாம். டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு கேப்டவுன் வருகிறோம், அகுல்லாஸைப் பார்க்க முடியுமா?

கேப்டவுன் செல்வி:
டிசம்பர் கடைசி என்றால் கஷ்டம், பெரும்பாலும் அதற்குள் அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பிவிடும், பிப்ரவரி வாக்கில்தான் திரும்பும். அப்புறம் ஏப்ரலில் தெற்கே நம்ம ஆராய்ச்சித் தளம் இருக்கிற மரியன் தீவுக்குப் போகும். மார்ச்சில் வாங்க, வாட்டர்ஃபிரன்ட் பக்கம் சிவப்பாக நிற்கும்.