புரோக்கரா, டிஸ்பாட்சரா?

கேள்வி: அமெரிக்காவில் சொந்த டிரக் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். புரோக்கர், டிஸ்பாட்சர் இரண்டு பேருமே லோடு தருவதாகச் சொல்கிறார்கள், என்னதான் வித்தியாசம்?

பதில் 1: டிஸ்பாட்சர் உங்கள் ஆள். உங்களுக்காக லோடு தேடி, வாடகை பேசி, உங்களிடம் கமிஷன் வாங்குவார். புரோக்கர் சரக்குக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பவர். சரக்குக்காரரிடம் வாங்குவதில் உங்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் அவருக்கு. எஃப்எம்சிஎஸ்ஏ (டிரக் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) பதிவும் 75,000 டாலர் பாண்டும் (அவர் பணம் தராவிட்டால் கிளெய்ம் செய்யக்கூடிய உத்தரவாதம்) அவருக்குக் கட்டாயம்.

பதில் 2: அந்த பாண்ட் ரொம்ப முக்கியம். ஒரு புரோக்கர் இரண்டு மாதம் பணம் தராமல் இழுத்தடித்தார், ரேட் கன்ஃபர்மேஷனையும் (பேசிய வாடகையை உறுதிசெய்யும் தாள்) கையெழுத்தான டெலிவரி ரசீதையும் வைத்து பாண்டில் கிளெய்ம் போடப்போகிறேன் என்று எழுதினேன், அந்த வாரமே பணம் வந்தது.

பதில் 3: உங்கள் ஏஜென்டாக மட்டும் இருக்கும் டிஸ்பாட்சருக்கு அந்தப் பதிவு தேவையில்லை, அதனால் பாண்டும் கிடையாது. லோடு பணம் தன் கணக்குக்கு வரட்டும் என்று சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.