வீட்டில் பப்ஸ்: வெயில் காலத்தில் வெண்ணெய் வழியாமல் ஏடுகள் பிரிய வழி என்ன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் வசிக்கிறேன். முட்டை பப்ஸ், காய்கறி பப்ஸ் இரண்டையும் வெண்ணெய் சேர்த்து வீட்டிலேயே செய்து, அடுத்த மாதம் மகளின் பிறந்தநாளுக்கு வரும் விருந்தினருக்கு மாலைச் சிற்றுண்டியாகக் கொடுக்க விரும்புகிறேன். ஆனால் மாவுக்குள் வெண்ணெயை வைத்து மடித்துத் தேய்க்கும்போதே அது மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஓவனில் வைத்தால் உருகித் தட்டில் தேங்குகிறது. பப்ஸ் மேலெழும்பாமல் பிஸ்கட்டைப் போல் இறுகுகிறது, அடிப்பகுதியோ ஈரமாகவே இருக்கிறது. பேக்கரிகளில் வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தும் மார்கரின் (தாவர எண்ணெயிலிருந்து செய்யும் கெட்டிக் கொழுப்பு) இல்லாமல் இது இயலாதா? முதல் நாளே செய்து வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் சகோதரி. பேக்கரியில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். வெண்ணெயில் தாராளமாகச் செய்யலாம். பப்ஸில் ஈஸ்ட்டும் இல்லை, சோடா உப்பும் இல்லை. மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஓவனின் சூட்டில் ஆவியாகி, வெண்ணெயால் பிரிக்கப்பட்ட ஏடுகளை மேலே தூக்குவதால்தான் அது உப்புகிறது. தேய்க்கும்போதே வெண்ணெய் உருகி மாவில் ஊறிவிட்டால், பிரிப்பதற்கு ஏடு என்று எதுவும் மிஞ்சாது. உங்கள் தட்டில் தேங்கும் நெய்யும், பப்ஸின் இறுக்கமும் இந்த ஒரே காரணத்தால் வருபவை.

வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டும்போதே நன்றாக இளகத் தொடங்கி, 35 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். திருச்சியின் வெயிலில் சமையலறை மேடையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். பேக்கரி மார்கரின் இதைவிட அதிகச் சூட்டைத் தாங்குவதால்தான் குளிரூட்டப்படாத அறையிலும் வேலை நடக்கிறது. ஆனால் அதே காரணத்தால் அது வாயிலும் முழுமையாகக் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகுபோல் படியும். (மார்கரினில் இருக்கக்கூடிய, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. ஆகவே பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவைப் பார்த்து வாங்கலாம்.) சுவைக்கு என் தேர்வு எப்போதும் வெண்ணெய்தான்.

250 கிராம் மைதாவில் 5 கிராம் உப்பும் 25 கிராம் வெண்ணெயும் சேர்த்து உதிர்த்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்த ஐஸ் தண்ணீர் ஏறத்தாழ 125 மில்லி விட்டு, அழுத்திப் பிசையாமல் சேர்த்தெடுங்கள். உப்பு சேர்த்த வெண்ணெயாக இருந்தால் மாவில் உப்பைக் குறையுங்கள். இன்னொரு 175 கிராம் வெண்ணெயை இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே சதுரத் தகடாகத் தட்டி, மாவையும் தகட்டையும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு இரண்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே அளவு குழி விழ வேண்டும். வெண்ணெய் மாவைவிடக் கெட்டியாக இருந்தால் உள்ளே துண்டுதுண்டாக உடைந்து மாவைக் கிழிக்கும். இளகியிருந்தால் ஓரத்தில் பிதுங்கும். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

தகட்டை மாவுக்குள் மூடி, நீளமாகத் தேய்த்து மூன்றாக மடியுங்கள். ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வெயில் காலத்தில் இந்த இடைவெளியைக் குறைக்கவே கூடாது. ஆறு முறை மடித்தால் வெண்ணெய் 729 அடுக்குகளாகும் என்பது கணக்கு. ஆயினும் வீட்டுக்கு நான்கு மடிப்புகளே, அதாவது 81 அடுக்குகளே போதும், ஏனெனில் அடுக்கு மெலிய மெலிய அது மாவோடு கலந்துவிடும் அபாயமும் கூடுகிறது. மாலையில் மேடை சூடேறியிருக்கும் என்பதால் விடியற்காலையில் தேய்ப்பதே நல்லது.

மறுமொழி 2

மேலே சொன்ன மாவு முறைதான் நானும் பின்பற்றுவது. அடிப்பகுதி ஈரமாவதற்குப் பூரணமும் காரணமாக இருக்கலாம் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முட்டை பப்ஸுக்கான வெங்காய மசாலாவில் தக்காளி சேர்ப்பதானால், எண்ணெய் பிரிந்து, கரண்டியில் எடுத்தால் சொட்டாத பதம் வரும்வரை சுருள வதக்குங்கள். உருளைக்கிழங்கைத் தோலுடன் முழுதாக வேகவைத்தால் தண்ணீர் குடிக்காது. எந்தப் பூரணமானாலும் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இளஞ்சூடாக வைத்தால்கூட அதைச் சுற்றியுள்ள வெண்ணெய் அங்கேயே உருகி, அந்த இடத்தில் ஏடு பிரியாது.

மாவை 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 10 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஏறத்தாழ 12 வரும். கூரிய கத்தியை இழுக்காமல் மேலிருந்து அழுத்தி வெட்டுங்கள். பூரணம் வைத்து மடித்த பிறகு, அடித்த முட்டையை மேற்புறத்தில் மட்டும் பூசுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அது பசைபோல் ஏடுகளை ஒட்டிவிடும். ஓவன் 200 டிகிரிக்கு முழுமையாகச் சூடேறிய பிறகே தட்டை உள்ளே வைத்து, முதல் 15 நிமிடங்கள் கதவைத் திறக்காமல் விட்டு, பின்னர் 180 டிகிரிக்குக் குறைத்து, அடிப்பகுதியும் பொன்னிறமாகும்வரை மேலும் 10 முதல் 15 நிமிடங்கள் விடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாவும் வெண்ணெயும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்பதை எந்தச் செய்முறையிலும் நான் படித்ததில்லை. பூரணம் வைத்து மடித்த பப்ஸை அப்படியே ஃப்ரீசரில் வைக்கலாமா?

மறுமொழி 1

காய்கறி பப்ஸைத் தாராளமாக வைக்கலாம். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறையவைத்து, பிறகு மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். விருந்தன்று வெளியே எடுத்து இளக விடாமல், உறைந்த நிலையிலேயே சூடான ஓவனில் வைத்து, ஐந்தாறு நிமிடங்கள் கூடுதலாக விடுங்கள். முட்டை பப்ஸை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள்; அவித்த முட்டையின் வெள்ளைக்கரு உறைந்து இளகினால் ரப்பர்போல் ஆகி நீர் விடும். அதற்கு வெட்டிய மாவுச் சதுரங்களை மட்டும் பட்டர் பேப்பர் இடையிட்டு உறையவைத்து, அன்று காலை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவைத்து, முட்டையையும் மசாலாவையும் அப்போது வைத்து மடியுங்கள்.